வீமனுக்கு உப்பு ஆகாது

சென்னையில் ஒரு நாய்க்கு வலிப்பு வந்தால் முதலில் ஓடிவருவது இரும்பு. கோட்டூர்புரத்தில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் கலா, தன் சாவிக்கொத்தை என் வீமனின் முன்னங்காலடியில் திணித்துவிட்டு, “இரும்பு பட்டா நின்னுடும்க்கா, நீ அழுவாத” என்றாள். யாழ்ப்பாணத்தில் மனிதருக்கு அப்படிச் செய்வோம். நாய்க்கும் அந்த மரியாதை உண்டென்று இங்கேதான் கண்டேன். வீமனின் கால்கள் காற்றில் நீந்தின. கண்கள் திறந்திருந்தன, உள்ளே ஆளில்லை.

எங்கள் ஊரில் சண்டைக் காலத்தில் மனிதருக்கே மருந்து வராது. வலிப்பு நாயைக் கிணற்றடியில் கட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வோம், அவ்வளவுதான். இங்கே அடையாறில் ஒரு டாக்டரம்மா அவன் மூளையைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். பினோபார்பிட்டோன் மாத்திரையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாகிவிட்டது, வாரம் தவறாமல் வலிப்பு வந்துகொண்டேயிருந்தது. கூடவே பொட்டாசியம் புரோமைடு சேர்த்தாள். “உடம்புல சேர மாசக்கணக்காகும். சாப்பாட்டை மட்டும் மாத்தாதீங்க” என்றாள். தலையாட்டினேன்.

மாதங்கள் போயின. வலிப்பு குறையவில்லை, ஒரே பகலில் மூன்று வந்தது. டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி, “இதுக்கும் கேக்கலன்னா, இவனை இன்னும் எவ்ளோ நாள் கஷ்டப்படுத்தறதுன்னு நாம யோசிக்கணும்” என்றாள். அவள் சொல்லாமல் விட்ட கடைசி ஊசி என் நெஞ்சில் இறங்கியது. பிறகு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. புரோமைடு இருக்கவேண்டிய அளவில் பாதிகூட இல்லை.

“மருந்து ஒழுங்கா குடுக்கறீங்கதானே?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒருநாளும் தவறவிடேல்லை, டொக்டர். கருவாட்டுக்குள்ள வைச்சுத்தான் குடுக்கிறனான்.”

பேனாவைக் கீழே வைத்தாள்.

என் தங்கை பருத்தித்துறையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் கொடுத்தனுப்பும் கருவாடு அது. புரோமைடு தொடங்கிய வாரம் ஒரு பொதி வந்திருந்தது. அதை நான் சாப்பாடாகவே எண்ணவில்லை, மருந்தைச் சுற்றும் தாளென்று எண்ணியிருந்தேன். உப்பு அதிகமானால் சிறுநீரகம் புரோமைடை வெளியே தள்ளிவிடுமாம். காலையும் மாலையும் என் கையாலேயே மருந்தையும் கொடுத்து, அதை விரட்ட ஆளையும் கூடவே அனுப்பியிருக்கிறேன். வெட்கத்தில் ஆட்டோவில் ஏறினேன். கால்வாய்ப் பாலம் தாண்டும்போது வெட்கம் போய் வேறொன்று வந்தது. என்ன உடம்பு இது! எங்கள் ஊர்க் கடலின் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு நாயின் மண்டைக்குள் இடி இறங்குமா இறங்காதா என்று முடிவு செய்கிறதே! ஒரு கைப்பிடி நெஞ்சுக்கூட்டுக்குள் எத்தனை கரை, எத்தனை அலை!

தெருவெல்லாம் சோறு போடும் நாய் வீமன். கலாவிடம் போய், இனி அவனுக்கு உப்புச் சேர்ந்த எதையும் தராதே என்றேன்.

“இன்னாக்கா, நாய்க்கு விரதமா? உங்க ஊரு சாமி ரொம்ப கறாரா கீதே!”

“விரதமில்லை, மருந்து.”

“உப்பில்லாம நீ துன்னுவியா? வாயில்லாத ஜீவன், அதுக்கு மட்டும் இன்னா தலையெழுத்து?” என்று முறைத்தாள். ஆனால் மறுநாளிலிருந்து, உப்புப் போடுவதற்கு முன்னமே ஒரு கரண்டிச் சோறு தனியாக எடுத்துவைத்தாள். பிஸ்கட் நீட்டிய வாட்ச்மேனை அவள் விரட்டிய விரட்டலை மூன்றாம் மாடியிலிருந்து கேட்டேன். மாத்திரை இப்போது வாழைப்பழத்துக்குள் போகிறது.

வலிப்பு முற்றாக நிற்கவில்லை, நிற்காமலும் போகலாம் என்கிறாள் டாக்டரம்மா. ஆனால் அந்த ஊசியை இப்போது ஜாடையாகக்கூடச் சொல்வதில்லை. ஒன்றரை மாதம் அமைதி. போன ஞாயிறு மத்தியானம் மறுபடி வந்தது, ஒரு நிமிடத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம். எழுந்தான், சுவரில் முட்டினான், தான் வளர்ந்த வீட்டைப் புதிதாக மோந்து பார்த்தான். என்னைக் கண்டு உறுமினான். எங்கிருந்து வந்தான், எதை அங்கே விட்டுவந்தான், எனக்குத் தெரியாது. நான் கூப்பிடவில்லை, அதட்டவில்லை. பதினேழு வருஷமாக வாடகை கொடுக்கும் அந்த அறைகளுக்குள் அவன் பின்னால் மெல்ல நடந்தேன், இது எங்கள் வீடுதானா என்று அவன் முடிவெடுக்கட்டுமென்று.