ஆர்டிஸ் ஹெல்கெசன் பெல்லமியிடமிருந்து மணியைப் பிடுங்கிய விதம்

ஹார்லன் ஊரில் ஆர்டிஸ் ஹெல்கெசனின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். கோதுமை விலை, மகனின் விவாகரத்து, பாதிரியார் வாங்கிய புதுக் கார், எல்லாவற்றுக்கும் அவள் காது கொடுப்பாள். பக்கத்து நகரமான பெல்லமியின் பெயரை மட்டும் எடுத்துவிடக் கூடாது. யாராவது தெரியாமல் எடுத்துவிட்டால் கையிலிருக்கும் கரண்டி அப்படியே நின்றுவிடும். "அந்தப் பேர வெளிய உதறிட்டு வா. வாசல்ல கால்மிதி கிடக்கு பாரு" என்பாள்.

அவள் பல்கலைக்கழகத்தில் படித்தவள் இல்லை. அப்பாவின் பருப்பு வயலில் வளர்ந்து, பள்ளி முடித்த கையோடு, தானியக் கிடங்கில் இயந்திரம் பழுதுபார்க்கும் லேலண்டைக் கட்டிக்கொண்டாள். லேலண்டும் ஒரு நாள்கூட வகுப்பில் உட்கார்ந்ததில்லை. ஆனால் இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் ஹார்லன் பல்கலைக்கழகமே தங்களுடையது என்பது போலத்தான் இருவரும் நடப்பார்கள். ஃபுட்பால் மைதானத்துக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் அவள் பெரிய பானையில், பருப்பு போட்டுச் சில்லி என்கிற காரக் குழம்பு காய்ச்சுவாள். அதோடு ஒரு லவங்கப்பட்டை ரொட்டி. காலையிலிருந்தே கூட்டம் மொய்க்கும். லேலண்ட் அந்த நேரத்தில் மணியைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

மணி என்றால் ஸ்னேக் ஆற்றில் அந்தக் காலத்துப் படகில் தொங்கிய வெண்கல மணி. இரும்புச் சக்கரம் வைத்த கைவண்டியில் நிற்கும். ஹார்லனும் பெல்லமியும் மோதும் ஆட்டம் தொடங்கும்போது, அதை வைத்திருப்பவர்கள் அடிப்பார்கள். அடித்தால் பந்தயத்தில் வைத்ததாக அர்த்தம். ஆட்டத்தில் ஜெயித்தவர்களுக்கு மணி. தோற்ற பக்கத்து மணிக்காரர் வண்டியைத் தானே தனியாளாக இழுத்துக்கொண்டுபோய், ஜெயித்தவர்கள் காட்டும் இடத்தில் இறக்க வேண்டும். எந்தக் காகிதத்திலும் எழுதாத வழக்கம், ஆனால் இரண்டு ஊரிலும் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஹார்லனுக்கு மணிக்காரன் லேலண்ட். பெல்லமிக்கு கென்ட் வெதர்பி. விளையாட்டுத் துறையில் துணை இயக்குநர், இஸ்திரி கலையாத சட்டை, கேமராவைக் கண்டால் பல்லைக் காட்டும் ஆள்.

இரண்டு பல்கலைக்கழகங்களும் நம் தாத்தாக்கள் காலத்திலிருந்தே கடற்கரைக் கூட்டணியில் இருந்தவை; அதிலிருக்கும் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடி, தொலைக்காட்சிப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். பிறகு தொலைக்காட்சிக்காரன் கிழக்கிலிருந்து பணமூட்டையை ஆட்டிக் காட்டினான், பெல்லமி வாலை ஆட்டிக்கொண்டு ஓடிற்று. தேர்தல் நேரத்தில் கட்சி மாறுகிறவன்கூட ஒரு மேடை போட்டு, ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போவான். இவர்கள் காலையில் "கூட்டணியில் உறுதியாக இருக்கிறோம்" என்று அறிக்கை விட்டுவிட்டு, மத்தியானம் கண்டத்தின் அந்தக் கோடியில் இருக்கிறவர்களோடு கையெழுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஹார்லனைச் சீந்த ஆளில்லை. வரப்போகும் பணத்தை நம்பி மைதானத்துக்கு மாடி கட்டி வைத்திருந்தது ஹார்லன். இப்போது வருமானம் பாதியாகக் குறைந்தது. நீச்சல் குளத்தை மூடினார்கள், நீச்சல் பெண்கள் மூட்டை கட்டினார்கள், ஜெர்மன் மொழித் துறைக்குப் பூட்டு விழுந்தது, சனிக்கிழமை நிரம்பி வழிந்த விடுதிகளில் ஈ ஓட்டினார்கள். ஆர்டிஸ் பானையைச் சிறிதாக மாற்றிக்கொண்டாள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். கடைசி ஆட்டத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கூட்டணி கலைவதற்கு முன் நடந்த கடைசி ஆட்டம் பெல்லமியில். மணி ஹார்லனிடம் இருந்தது, லேலண்ட் அடித்தான், ஹார்லன் தோற்றது. கென்ட் காட்டிய இடம் மைதானத்தின் உச்சி வரிசை. மேலே போக மின்தூக்கி இருந்தது. ஆனால் சாய்வுப்பாதையில் இழுத்து வந்தால்தான் தொலைக்காட்சியில் நன்றாக விழுமாம். லேலண்டுக்கு ஏற்கெனவே இதயம் பழுது. பாதி ஏற்றத்தில் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆர்டிஸ் ஓடிப்போய் வண்டியில் கை வைத்தாள்.

"கைய எடு, ஆர்டிஸ். வழக்கம்னா வழக்கம்" என்றான் லேலண்ட்.

"உன் வழக்கத்துல தீ வைக்க. மூச்சு வாங்குது பாரு."

"அவன் முன்னால என்னைக் கேவலப்படுத்தாத."

அவள் கையை எடுத்துவிட்டாள். ஜனவரியில் லேலண்ட் செத்துப்போனான்.

மணிக்காரன் செத்தால் சவ அடக்கத்தில் அந்த மணியை அடிப்பார்கள், அது யாரிடம் இருந்தாலும் சரி. பெல்லமியின் பழைய மணிக்காரர் இறந்தபோது லேலண்டே பனியில் மணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அடித்துவிட்டு வந்தான். ஆகவே ஆர்டிஸ் கென்டுக்குப் போன் செய்தாள்.

"ரொம்ப வருத்தம், மிஸஸ் ஹெல்கெசன்" என்றான் கென்ட். "ஆனா இனிமே நமக்குள்ள ஆட்டமே இல்ல பாருங்க. மணி இப்ப எங்க நிரந்தரச் சொத்து. கண்ணாடிக்குள்ள வச்சாச்சு. வெளிய அனுப்பணும்னா காப்பீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க."

"ஒரே ஒரு நாள்தாங்க கேக்கறேன். நீங்களே கொண்டு வந்து நீங்களே எடுத்துட்டுப் போங்க."

"மேல கேட்டுப் பாக்கறேன். வேணும்னா மணிச் சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்பட்டுமா? நல்லாத் தெளிவா இருக்கும்."

அவள் போனை வைத்துவிட்டாள். லேலண்டை மணியில்லாமலே குன்றின் மேல் புதைத்தார்கள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் சொல்கிறார்கள், அவள் அழவில்லையாம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அந்த மணி இங்க வரும். அந்த கென்ட் கையாலேயே வரும்" என்று மட்டும் சொன்னாளாம். பாவம், துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அவள் துக்கத்தில் பேசவில்லை. வயிறு எரிந்து பேசினாள்.

வழி அடுத்த இலையுதிர்காலத்தில் கிடைத்தது. புதுக் கூட்டணியின் பணம் பெல்லமிக்கு இனித்தது, பயணம் கசந்தது. வாலிபால் ஆடுகிற பெண்கள்கூட ஒரு ஆட்டத்துக்காகக் கண்டத்தையே தாண்டிப் பறந்துவிட்டு, திரும்பி வந்து வகுப்பில் தூங்கி விழுந்தார்கள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாக இருந்தது. பக்கத்திலேயே, செலவில்லாமல், எளிதாக அடித்துவிட ஒரு அணி வேண்டுமென்று தேடி, ஹார்லனின் வாலிபால் பெண்களைக் கூப்பிட்டார்கள்.

ஹார்லனின் பயிற்சியாளர் சீனா லெயாடோ, சமோவாத் தீவுக்காரி, தினமும் ஆர்டிஸ் கடையில் சாப்பிடுகிறவள். "போகலாமா வேண்டாமான்னு இருக்கு" என்றாள். "நம்மள ஊறுகாய் மாதிரி தொட்டுக்கக் கூப்பிடறாங்க."

ஆர்டிஸ் அவள் எதிரில் உட்கார்ந்தாள். "ஜெயிக்க முடியுமா, அத மட்டும் சொல்லு."

"அவங்க வெள்ளிக்கிழமை நியூஜெர்சில ஆடிட்டு சனிக்கிழமை ராத்திரிதான் இறங்குறாங்க. கால் செத்துப் போயிருக்கும். அஞ்சாவது செட்டு வரைக்கும் இழுத்துட்டா முடியும்."

"இழுடி கண்ணு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பெல்லமி நகர வானொலியில் சாயங்காலம் ரசிகர்கள் போன் செய்து பேசும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அந்த வாரம் டோலோரஸ் என்ற பெயரில் ஒரு பெண்மணி, குரலில் தேன் சொட்ட, அதில் பேசினாள்.

"நான் பொறந்ததுலேர்ந்து பெல்லமி ரசிகைங்க. மனசே சரியில்ல. நம்ம மணிய மேல ஏத்தும்போது கீழ போட்டு விரிசல் விட்டுட்டாங்களாமே? அதனாலதான் கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சிருக்காங்களாம். அடிச்சா தகர டப்பா மாதிரி கேக்குதாம்."

"யாரும்மா சொன்னது?" என்றார் வானொலிக்காரர்.

"எல்லாரும் சொல்றாங்களே. கென்ட் வெதர்பி நல்ல மனுஷன், பாவம், அவர் கை தவறுனதா இருக்காது."

அவ்வளவுதான். மறுநாள் நகரம் முழுக்க அதே பேச்சு. கென்ட் மறுத்தான், படம் பிடித்துப் போட்டான். படத்தில் சத்தம் கேட்குமா என்று கேலி செய்தார்கள். வேறு யாராக இருந்தாலும் தூசியென்று தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். கென்டுக்குத் தன் பெயர் மேல் அப்படியொரு பிரியம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹார்லன் பெண்கள் உள்ளரங்கில் வரிசையாக நிற்கையில், அவன் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்து நின்றான்.

"மணிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்களே, காதால கேட்டுக்கங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, கயிற்றை இழுத்து ஓங்கி அடித்தான். மூன்று முறை. அரங்கமே அதிர்ந்தது, பெல்லமிக் கூட்டம் கைதட்டியது. ஒலி அடங்குமுன் நடுவர் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கினார்.

பார்வையாளர் வரிசையில், ஹார்லன் கூட்டத்துக்குச் சில்லி ஊற்றித் தீர்ந்த காலிப் பானையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஆர்டிஸ் பெருமூச்சு விட்டாள். "அடிச்சுட்டான்" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "மடையன், அடிச்சே அடிச்சுட்டான்."

முதல் இரண்டு செட்டும் பெல்லமிக்குப் போயின. தோற்றால் இந்தத் தந்திரம் இன்னொரு முறை பலிக்காது, அந்த மணியை அவள் இந்த ஜென்மத்தில் பார்க்கப்போவதில்லை. மூன்றாவதில் பெல்லமிப் பெண்கள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்க ஆரம்பித்தார்கள். ஹார்லன் பெண்கள் பந்தைக் கீழே விழவிடாமல் எடுத்து எடுத்துத் திருப்பிப் போட்டார்கள், அவர்களை அங்கும் இங்கும் ஓடவிட்டார்கள். மூன்றாவதும் நான்காவதும் ஹார்லனுக்கு வந்தன. ஐந்தாவதின் கடைசிப் பந்தை அடிக்கக் குதித்த பெல்லமிப் பெண்ணின் கால் தரையைவிட்டுச் சரியாகக்கூட எழும்பவில்லை. பந்து வலையில் விழுந்தது.

ஆர்டிஸ் பானையைக் கீழே வைத்துவிட்டு, நேராகக் கென்டிடம் போனாள்.

"மணிய எடுத்துக்கிட்டு வாங்க."

கென்ட் சிரித்தான். "மிஸஸ் ஹெல்கெசன், இது வாலிபால். அதெல்லாம் ஃபுட்பாலுக்கு."

"எந்த ஆட்டம்னு வழக்கத்துல இருக்கா? ஆட்டம் தொடங்கறப்ப அடிச்சீங்களா இல்லையா?"

"சும்மா சத்தம் காட்டத்தான்..."

"அடிச்சியா இல்லையாப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பெல்லமியின் நிறத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர், அவர்களுடைய முன்னாள் மாணவர். "எங்க எல்லாருக்கும் காது இருக்கு. அடிச்சா கொடுக்கணும். கூட்டணியத்தான் வித்தீங்க, மானத்தையாவது விட்டு வையுங்க."

அந்த வரிசையே அவரோடு எழுந்து நின்றது. அவர்களுக்கும் உள்ளே ஆறாத கோபம் இருந்தது. பக்கத்து ஊர்க்காரனோடு ஆடிய ஆட்டத்தைத் தொலைத்துவிட்டு, பேர் தெரியாத ஊரிலிருந்து வருகிறவர்களோடு என்னத்தை ஆடுவது என்று ஒரு வருஷமாக உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தவர்கள். "கொடு, கொடு" என்று தரையை மிதித்தார்கள். கேமராக்கள் எல்லாம் கென்டின் பக்கம் திரும்பியிருந்தன. அன்றைக்கு அவன் பல்லைக் காட்டவில்லை.

"எங்க இறக்கணும்?" என்றான்.

"ஹார்லன் கல்லறைத் தோட்டம். சனிக்கிழமை காலைல. நீங்க மட்டும்" என்றாள் ஆர்டிஸ்.

சனிக்கிழமை அவன் மணியைக் கைவண்டியோடு ஒரு டிரக்கில் ஏற்றிக்கொண்டு கோதுமைக் குன்றுகளைத் தாண்டி வந்தான். கல்லறைத் தோட்டத்து வாசலோடு சாலை முடிகிறது. அதற்கு மேல் ஏற்றம், முந்தின நாள் மழையில் ஊறிய சேறு. ஊரில் பாதிப்பேர் வேலியோரம் நின்றார்கள், யாரும் கை கொடுக்கவில்லை. கைவண்டி இரண்டு முறை பின்னால் உருண்டது. அவன் முழங்கால் வரை சேறாகி மேலே வந்து சேர்ந்தபோது ஆர்டிஸ் லேலண்டின் கல்லறையருகே கோட்டுப் பைக்குள் கைவிட்டபடி நின்றிருந்தாள்.

"அடிங்க" என்றாள்.

"எத்தனை?"

"நான் சொல்றவரைக்கும்."

அவன் அடித்தான். ஒலி குன்றிறங்கி ஊருக்குள் போயிற்று. மூடிக்கிடந்த நீச்சல் குளத்தின் வாசலில் நின்றிருந்த இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். ஆர்டிஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வை வழிவதைப் பார்த்தாள். நன்றாக இருந்தது. லேலண்ட் இதைக் கேட்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் நன்றாக இருந்தது, அதை மறைக்க அவள் மெனக்கெடவில்லை.

வெகுநேரம் கழித்துக் கென்ட் கயிற்றை விட்டான். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. "மிஸஸ் ஹெல்கெசன், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் மெதுவாக. "கூட்டணிய விட்டது நான் இல்ல. மணிய அனுப்பக் கூடாதுன்னு சொன்னதும் நான் இல்ல. எல்லாம் மேல இருக்கறவங்க முடிவு. நான் வெறும் சம்பளக்காரன்."

"தெரியும்" என்றாள் ஆர்டிஸ். "மேல இருக்கறவங்க யாரும் இந்தச் சேத்துல வந்து நிக்கப்போறதில்ல. என் கைக்கு எட்டுனது நீங்க ஒருத்தர்தான். அடிங்க."

அவன் மறுபடி கயிற்றைப் பிடித்தான்.