மைனா சத்தம் போடும் காலிங் பெல்

காது கேட்கும் கருவி விற்கும் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்பேன். கேட்காத சத்தத்துக்கும் அமுக்குகிறவர்கள் உண்டு. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். என் காதை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

நாங்கள் மூன்று பேர் தோழிகள். கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறை. ஒருத்திக்குச் சொந்த ஊர் காரமடைப் பக்கம், பாக்குத் தோப்பும் வாழையுமாக நிலபுலம் உள்ள குடும்பம். வேலைக்காக கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறாள். இன்னொருத்தி அவளுக்குத் தூரத்துச் சொந்தம், பெங்களூரில் வேலை. நான் உக்கடத்துக்காரி, பஸ் டிரைவர் மகள். எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் அந்தக் காரமடைப் பக்கத் தோட்டங்களில்தான் கூலி வேலை செய்தார்கள். பிறகு வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்கள் ஆனார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், டவுனுக்கு வந்தார்கள். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்துதான் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அதனால் அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நான் நம்பினேன்.

ஊரடங்கு சமயத்தில் பொழுது போகாமல் போனில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தோம். எஸ்கேப் ரூம் என்பார்கள். பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொண்டு, துப்புக் கண்டுபிடித்து வெளியே வர வேண்டும். நாங்கள் ஆடியதில் படமே கிடையாது, வெறும் சத்தம்தான். சென்னையிலிருந்து ஒருவர் அழைப்பில் வந்து, "கதவு பூட்டியிருக்கு. இடது பக்கம் ஒரு மேஜை. என்ன செய்யறீங்க?" என்று கேட்பார். நாங்கள் இழுப்பறையைத் திற, சுவரைத் தட்டு என்று சொல்லச் சொல்ல அந்தந்தச் சத்தம் ஹெட்போனில் வரும். ஊரடங்கு போயும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் போகவில்லை. கூட்டத்தில் நான்தான் காது. மற்ற இரண்டு பேரும் கண்டதைக் கேட்டுவிட்டு, "ஏய், நீ என்ன கேட்டே, அதைச் சொல்லு" என்பார்கள்.

அந்த வருஷம் காரமடைக்காரி ஊரில் புது வீடு கட்டினாள். டைல்ஸ் பார்க்க, குழாய் பார்க்க, சமையலறைக்குக் கிரானைட் பார்க்க, எல்லாக் கடைக்கும் நான்தான் துணை. அவள் அம்மாவும் வருவார். "அம்மணி, நீ சொல்லு கண்ணு, உனக்குத்தான் நல்லாப் பார்க்கத் தெரியும்" என்று என்னைத்தான் கேட்பார். நானும் வீட்டுக்காரி மாதிரி கடைக்காரரோடு மல்லுக்கட்டுவேன்.

என் பங்குக்கு ஒரு காலிங் பெல் வாங்கிக் கொடுத்தேன். கடையில் இருந்த அத்தனை பெல்லையும் அமுக்கிப் பார்த்து, கடைக்காரர் தலையில் கை வைத்த பிறகு தேர்ந்தெடுத்தது. மைனா கத்துகிற மாதிரி ஒரு கீச்சல், கடைசியில் ஒரு சின்ன மணி. "குடி போற அன்னிக்கு மாட்டிப்போடறேன். மொத ஆளா நீதான் அமுக்கோணும்" என்றாள். புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன். பிறகு மர வேலை முடியவில்லை, குடிபோவதைத் தை மாதத்துக்குத் தள்ளிவிட்டோம் என்றாள். சரி, தை பிறந்தால் வழி பிறக்கும் என்று கேலி செய்தேன். அவள் சிரித்தாள்.

தைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம் போல ஆட்டம். பெங்களூர்க்காரி பெங்களூரில் இருப்பதாகச் சொன்னாள். காரமடைக்காரி கோவை வாடகை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அன்றைக்கு நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் பழைய சினிமா தியேட்டரின் மிஷின் ரூம். இரண்டு பேரும் பேசிவிட்டுப் பேசிவிட்டு மைக்கை அடைத்துக்கொண்டார்கள். நான் கவனித்தேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

கடைசிப் பூட்டுக்கு வந்தோம். ஆட்டம் நடத்துகிறவர் சொன்னார்: "இப்ப மூணு பேரும் மைக்கைத் திறந்து வைக்கணும். ஒருத்தர் மூடினாலும் அடுத்த சத்தம் வராது. யாரும் பேசாம கேளுங்க. எத்தனை சொட்டுத் தண்ணி விழுதோ, அதுதான் பூட்டோட நம்பர்."

காரமடைக்காரி, "அப்பறம் ஆடலாமே, எனக்குச் சோலி கெடக்குது" என்று இழுத்தாள். "பூட்டைத் திறந்து வெளிய போற நேரத்துல என்னடி சோலி?" என்று நான் அதட்டினேன். மைக்கைத் திறந்தார்கள்.

கண்ணை மூடிக் கேட்டேன். மிஷின் ஓடுகிற இரைச்சலுக்கு அடியில் சொட்டு விழுந்தது. எண்ணி முடித்தேன். அப்போது ஒரு கீச்சல். கடைசியில் ஒரு சின்ன மணி.

"மைனா! அதுவும் துப்புதானே?" என்று கத்தினேன்.

"இல்ல மேடம். அந்தச் சத்தம் நாங்க வைக்கலை. உங்கள்ல யாரோ வீட்டுல இருந்து வருது."

பாவம், அவர் நல்லதாகத்தான் சொன்னார். அதற்குள் மறுபடியும் மைனா கத்தியது. இந்தத் தடவை எனக்கு நன்றாகவே கேட்டது. முதலில் ஒருத்தி மைக்கில், ஒரு இமைப்பொழுது பிந்தி அதே சத்தம் இன்னொருத்தி மைக்கில். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், ஆட்கள் பேச்சு. அதற்கும் மேலே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல்: "ஏனுங்க, பந்தி போட்டாச்சுங்க, எல்லாரும் வாங்க!" கிரானைட் கடையில் என்னைக் கண்ணு என்று கூப்பிட்ட அதே அம்மா.

"ரெண்டு பேரும் எங்க இருக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ஊட்டுலதான்" என்றாள் பெங்களூர்க்காரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள். உடனே இரண்டு மைக்கும் ஒன்றாக அடைபட்டன.

ஆட்டம் நடத்துகிறவர், "நம்பர் யாருக்காவது தெரியுமா? நேரம் முடியப் போகுது" என்றார். எனக்குத் தெரியும். சொல்லாமல் அழைப்பைத் துண்டித்தேன். இரண்டு பேரும் கிடக்கட்டும் உள்ளேயே என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் காரமடைக்காரி கூப்பிட்டாள். அழுதாள்.

"இன்னிக்குக் குடி போறதுக்குப் பெரியப்பா ஊட்டாளுங்கெல்லாம் வந்திருக்கறாங்க கண்ணு. ஊர்க்காரங்க வேற. உன்னையப் பந்தியில உக்காரக்கூடாதுன்னு எவனாச்சும் சொல்லிப்போட்டா என்னால தாங்க முடியாது. அதனாலதான் சொல்லலை. இன்னிக்கு ஆட்டத்துக்கு வராம இருந்தா உனக்குச் சந்தேகம் வந்துரும்னு, ரெண்டு பேரும் ஸ்டோர் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு உக்காந்தோம்."

அரிசி மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவில், ஆளுக்கொரு ஹெட்போனோடு, எனக்காகப் பொய் சொல்ல உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அதைவிட எரிச்சல் வந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அவள் ஊருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாழைத்தார் என் வீட்டுக்கு வந்திருக்கிறது, இளநீர் வந்திருக்கிறது. வா என்ற வார்த்தை மட்டும் வந்ததில்லை. இதைக் கேட்கத் தெரியாத காதை வைத்துக்கொண்டுதான் ஊருக்கெல்லாம் காது பார்க்கிறேன்.

"அவங்க எந்திரிக்கச் சொல்லியிருந்தா நான் பதில் சொல்லிட்டு வந்திருப்பேன். அவங்க யாரும் ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடி நீயே என்னை எந்திரிக்க வச்சுட்டியே" என்றேன்.

"அப்படிச் சொல்லாத கண்ணு. அடுத்த வாரம் கூட்டமெல்லாம் போயிரும். நாம மூணு பேரு மட்டும். அம்மா உனக்குச் சந்தகை பிழிஞ்சு தாரேன்னாங்க."

"நான் வரலை. பெல்லைக் கழட்டிக் கொடுத்தனுப்பு."

"ஐயோ, அது இருக்கட்டும். வந்தவங்க எல்லாம் எங்க வாங்குனீங்கன்னு கேக்கறாங்க. ஊட்டுக்கு அதுதான் அழகுன்னு..."

அவள் முடிக்கவில்லை. போனுக்குள் மைனா கத்தியது. மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தம், நாலு எட்டு நடக்கும் சத்தம், கதவுக் கொண்டி விலகும் சத்தம் வரிசையாகக் கேட்டன. போனைக் காதிலிருந்து எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"அட, ஏனுங்க வாசல்லயே நின்னுபோட்டீங்க? வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்றாள் வந்தவர்களிடம்.

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான். போனை வைத்துவிட்டேன்.