வடக்கைக் குறித்த பிறகு

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது பள்ளிக்குப் போகச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தோம். அஸ்தம்பட்டியில் எங்கள் மாடியில் குடியிருந்த அவர் பாறைகளை ஆராய்ந்தவர் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பாறைகளிடம் என்ன கேட்டார் என்பதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

கண்டங்கள் நகர்ந்தன என்று பாடத்தில் படித்துவிட்டு, அதைப் பார்த்தது யார் என்று அக்காவிடம் கேட்டேன். "கல்லு பாத்துச்சு சாமி" என்றார். உருகிய பாறை ஆறி இறுகும்போது அதன் இரும்புத் துகள்கள் அன்றைய பூமியின் காந்தத் திசையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நிலநடுக்கோட்டில் அந்தத் திசை படுத்திருக்கும்; துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகும். அந்தச் சாய்வை அளந்தால், நம் நிலம் அப்போது நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருந்தது என்று தெரியும். கிழக்கு மேற்காக எங்கே இருந்தது என்பதை மட்டும் கல் சொல்லாது. அதையும் அவர் மறைக்கவில்லை.

விடுமுறையில் ஒருநாள் நாமக்கல் பக்கம் ஒரு கல்குவாரிக்குக் கூட்டிப்போனார். மறுநாள் வெடி வைக்கப்போகும் கரும்பாறை. சாயங்காலம் வரைதான் அனுமதி. கட்டைவிரல் பருமனுக்குத் துளைத்து, துண்டை உடைத்தெடுக்கும் முன் அதன்மேல் வடக்கைக் குறிக்க வேண்டும். குறிக்காமல் எடுத்தால் வெறும் கல்.

மதியம் ஒரு கம்பை நட்டு, நிழலையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நிழல் காட்டிய வடக்கும் திசைகாட்டியின் வடக்கும் ஒத்துவரவில்லை. துளைக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் தந்த டேங்கர் லாரி பாறையை ஒட்டி நின்றது. முள் அந்த இரும்பின் பக்கம் இழுபட்டிருந்தது.

"பைப்பு எட்டலைன்னு கிட்டக் கொண்டாந்தேனுங்க" என்றார் ஓட்டுநர், முகம் வாடி. "அப்ப நான் நாட்டையே நகத்திட்டனுங்களா?"

"நகத்தலீங்கண்ணா, கொஞ்சம் திருப்பி வெச்சுட்டீங்க" என்று அக்கா சிரித்தார். "தப்பு என்னுதுதான். கம்பை மொதல்லயே நட்டிருக்கோணும்."

காலையில் திசைகாட்டியை நம்பிக் குறித்து எடுத்த துண்டுகளைக் குழிகளில் திரும்பப் பொருத்திக் குறிக்கலாமே என்றேன். சிறிது பிசகினாலும் கணக்கு பொய்யாகிவிடும் என்று அத்தனையையும் ஒதுக்கினார். லாரி தள்ளிப் போனது. ஓட்டுநரும் நானும் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். வெயில் போவதற்குள் வேண்டியதில் பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதியோடுதான் திரும்பினார்.

நேற்று அவர் அம்மா சாமான்களை எடுக்க வந்திருந்தார். மேசையைத் தூக்கப்போனவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லி, அதன் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் வடக்கைக் குறித்தேன். கட்டடத்துக் கம்பி முள்ளை இழுக்குமே என்று ஜன்னல் நிழலையும் நேரத்தையும் பார்த்துத்தான் குறித்தேன். அதுவரை அவர் அம்மா மேசையைப் பிடித்தபடி காத்திருந்தார். எடுப்பதற்கு முன் குறிக்கும் அந்தப் பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.