மில்லுக்காரர் வீட்டு வியாழக்கிழமைகள்

டிவிப் பெட்டியின் படக்குழாய் சூடேறும்போது வரும் தூசி கருகும் வாசனையும், கண்ணாடிக்கு அருகே முழங்கையைக் கொண்டுபோனால் கைமயிர் ஒவ்வொன்றும் எழுந்து நின்று, தொடாமலே யாரோ தொடுவதுபோலக் கூசுவதும், "ஏ பொண்ணு, கண்ணு பூத்துடும், தள்ளி வா" என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுப்பதும்தான் எனக்கு வியாழக்கிழமை. வில்லியனூருக்குத் தள்ளி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த எங்கள் கத்தோலிக்கப் பங்கு ஊரில் மற்ற கிழமைகளுக்கு இப்படி வாசனையோ கூச்சமோ இருந்ததாக நினைவில்லை.

வாரம் ஒரு முறை, விளக்கு வைத்தபின் வரும் அந்தத் தொடருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரால் அதைச் சொன்னதில்லை. "மில்லுக்காரரு வூடு" என்போம். பேருந்து நிலையமும் ஒரு சினிமாக் கொட்டகையும் மட்டுமே இருக்கிற ஏதோ ஒரு சின்ன டவுன், அதில் நெல் அரைக்கும் மில் வைத்திருக்கும் ஒருவர், அவர் மனைவி, இரண்டு மகன்கள், சுமதி என்று ஒரே மகள். இப்போது யாரோ ஒரு புண்ணியவான் பழைய நாடாக்களிலிருந்து அதை எடுத்துச் செல்பேசியில் பார்க்கிற மாதிரி ஏற்றியிருக்கிறார்; நிறம் வெளிறி, ஓரம் நடுங்கி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பாருங்கள் என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் யாரும் யாருக்கும் விஷம் வைப்பதில்லை. கோபம் வந்தால் மில்லுக்காரர் கத்துவதில்லை, கத்தரிக்காய் முற்றல் என்பார். அவர் மனைவி அதைக் கேட்டுவிட்டு, காய்க்கும் கோபத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும், அடுத்த வேளைக்கு வேறு காய் நறுக்குவார். பேச வேண்டியதைப் பேசாமல் அதன் பக்கத்தில் இருக்கிற எதையோ பேசுகிற மனிதர்கள். பிழிந்த துணியை உதறும் சத்தத்தில் மூத்த மருமகளின் அழுகையை ஒளித்துவைத்திருப்பார்கள். அப்படி ஒரு வீட்டை அதற்குப் பிறகு நான் திரையில் பார்க்கவில்லை.

திரைக்கு வெளியே பார்த்திருக்கிறேன். அது எங்கள் வீடு.

அப்பா பேசாதவர். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, கால் கழுவி, முழங்காலில் நின்று செபம் சொல்லி, சாப்பிட்டுப் படுப்பவர். அந்த மனிதர் வியாழக்கிழமை மட்டும் பெட்டியோடு பேசுவார். "யோவ், பெரியவன் உன் தலையில மொளகா அரைக்கிறான்யா, உனுக்கு எரியலையா?" என்று மில்லுக்காரரைத் திட்டுவார், சின்ன மகன் சிகரெட் பிடிப்பதைக் கண்டுபிடித்த வாரம், "நா அப்பவே சொன்னேன் இல்ல" என்று எங்களைத் திரும்பிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார். மில்லுக்காரர் அவருக்கு ஏதோ சம்பந்தி முறை என்பதுபோல இருக்கும்.

என் கூடப் பிறந்த பிலோமி அக்கா வீட்டைவிட்டுப் போனது அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதுதான். தவளக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள்; மாரியம்மன் கோயிலில் தாலி. பையன் நல்லவன், கை சுத்தம் என்று ஊரில் நாலு பேர் வந்து சொன்னார்கள். அப்பா கேட்டுக்கொண்டார். "பீடத்துக்கு முன்னாடி நடக்காதது எனுக்குக் கல்யாணம் இல்ல" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதோடு அவள் பெயர் எங்கள் வீட்டில் நின்றுபோனது. செபத்தில் குடும்பத்தார் பெயர்களைச் சொல்லும் இடத்தில், அப்பாவின் குரல் அவள் பெயருக்கு உரிய இடத்தைத் தாண்டும். தாண்டுகிற அந்தச் சின்ன மூச்சை நாங்கள் எல்லோரும் கேட்போம்.

தொடரில் சுமதியும் அதே மாதிரி ஒருவனை விரும்பிப் போயிருந்தாள். எழுதியவருக்கு எங்கள் வீடு எப்படித் தெரிந்தது என்று அம்மா வியந்துபோனாள். பிறகுதான் அந்தப் பழக்கம் தொடங்கியது. முதலில் யார் தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. அம்மா சோறு போட்டுக்கொண்டே, "இன்னாங்க, சுமதி எளைச்சுப் போயிட்டா மாரி இல்ல?" என்பாள். அந்த வாரம் சுமதி தொடரில் வந்தேயிருக்க மாட்டாள். அம்மா வில்லியனூர்ச் சந்தையில் அக்காவைப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "அவன் ஒழுங்கா சம்பாரிச்சா இவ ஏன் எளைக்கிறா?" என்பார். "கடைய பெருசு பண்ணிருக்கானாம்." "யாரு, சுமதி வூட்டுக்காரனா?" "ஆமா, பின்ன யாரு?" தொடரில் சுமதியின் கணவன் பள்ளிக்கூட வாத்தியார். அவனுக்கு ஏது கடை? அது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியும்.

நல்ல தொடர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். சொந்த மகளின் பெயரைச் சொல்ல முடியாத ஒரு மனிதனுக்கு அது இன்னொரு பெயர் கொடுத்தது.

சுமதி உண்டானாள். அக்காவும் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் மாதா கோயில்காரர்களுக்கும் மாரியம்மன்காரர்களுக்கும் ஒன்றுதான். அதற்குக்கூட அழைக்காத வீடு என்றால் அந்தப் பெண்ணுக்கு வீடே இல்லை என்று பொருள். அக்கா எதையும் கேட்டு அனுப்பவில்லை. சந்தையில் அம்மாவிடம், "அப்பா இன்னாமா சொன்னாரு?" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டாள். அம்மா வந்து சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்: "சுமதிய மில்லுக்காரரு சேத்துக்குவாரா?" அப்பா வெகுநேரம் மென்றார். "பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை அம்மா முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டதுபோல வீட்டுக்குள் நடந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தபசு காலம் வந்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு தபசு காலத்திலும், கோயிலில் புனிதர் சுரூபங்களை மூடுவதுபோல, அப்பா தொலைக்காட்சிப் பெட்டியை அம்மாவின் பழைய ஊதாப் புடவையால் மூடிக் கட்டிவிடுவார். விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து அதைச் செய்வார். உயிர்ப்பு ஞாயிறு வரை யாரும் தொடக் கூடாது. "வாரத்துல ஒரு நாளுதானங்க, சுமதிக்கு மாசம் நெருங்குது" என்று அம்மா கெஞ்சினாள். "ஆண்டவரு பாடுபட்ட காலத்துல அவளுக்கு இன்னா?" என்று முடிச்சை இறுக்கினார்.

பெட்டியை மூடியதும் பேச்சும் மூடிக்கொண்டது. கதை நகராமல் சுமதியைப் பற்றி எதைக் கேட்பது? சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா தாங்காமல், வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் கதை கேட்க ஆரம்பித்தாள். சரோஜா அக்கா சிரிக்கும்: "உங்க சாமிக்கு டிவின்னா ஆவாதா?" "பாக்கத்தான் கூடாது. கேக்கலாம்" என்பாள் அம்மா. "அப்ப கேளு. நேத்து சுமதிக்கு வளைகாப்பு. அவ புருசனே வளையல் போட்டு உட்டான். ஒரு நாதி வரல." அம்மா வேலிக் கிளுவையைப் பிடித்துக்கொண்டு அழுததையும், "ஏ, கதைக்குப் போயி அழுவுறியேக்கா" என்று சரோஜா அக்கா பதறி, பிறகு எதற்கென்று புரிந்து வாயை மூடிக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் சரோஜா அக்கா சொன்னது: சுமதி பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள், இனி அப்பன் வீட்டு வாசலில் இறங்க வேண்டியதுதான். பெரிய வியாழன் அன்று தொடருக்குப் பதில் வேறு ஏதோ போட்டார்கள். ஆக, அப்பா புடவையை அவிழ்த்தபின் வரும் முதல் வியாழனில் சுமதி வீட்டு வாசலில் நிற்பாள். அம்மாவுக்கு அது மனிதர் செய்த கணக்காகத் தெரியவில்லை. "ஆண்டவரு உயிர்த்த வாரம்டி" என்றாள் என்னிடம். மில்லுக்காரர் மகளை உள்ளே அழைப்பார், அதைப் பார்த்து அப்பாவின் மனம் இளகும், இளகிய சூட்டிலேயே அக்கா வந்து நிற்க வேண்டும். தவளக்குப்பத்துக்குச் சொல்லி அனுப்பினாள். அக்கா வந்து சரோஜா அக்கா வீட்டில் காத்திருப்பாள். நான் போய்க் கூட்டிவர வேண்டும்.

அந்த வியாழன் மாலை அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து உட்கார்ந்தார். அத்தனை வாரம் பிரிந்திருந்தவர்களைப் பார்க்கப்போகிற முகம். சுமதி பேருந்திலிருந்து இறங்கினாள். தெரு நெடுக நடந்தாள்; எவ்வளவு நீளத் தெரு. வாசலில் நின்றாள். மில்லுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். சுமதி திரும்பிப் போகப் பார்த்தாள். அப்போது அவர், தான் உட்கார்ந்து சாப்பிடுகிற நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் அவள் பக்கத்தில் போட்டார். அவ்வளவுதான். பாட்டு இல்லை, வசனம் இல்லை.

அப்பா அழுதார். ஓசையே இல்லாமல், தோள் குலுங்க, வாய் கோண. "உக்காரச் சொல்லுயா... காலு கடுக்குமில்ல... புள்ளத்தாச்சி" என்று மில்லுக்காரரிடம் மன்றாடினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஓடினேன்.

அக்கா வந்தபோது சலவைப் பவுடர் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறைமாதம்; நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். "அப்பா" என்றாள். அப்பா திரும்பிப் பார்த்தார். முகத்தில் சுமதிக்கு அழுத ஈரம் அப்படியே இருந்தது. அக்காவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்தார். அம்மா கையைக் கூப்பிக்கொண்டாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். காதோரம், கழுத்து, எல்லாவற்றையும் துடைத்தார். "வந்தவங்களுக்குச் சோறு போட்டு, பஸ்ஸு இருக்கும்போதே அனுப்பு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் நடந்தார்.

அக்கா சாப்பிடவில்லை. "அழுதாருன்னு சொன்னியேடி" என்று என்னிடம் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, ஏதோ முகவரி தவறி வந்துவிட்டவளைப்போலக் கேட்டாள். சரோஜா அக்கா துணைக்குப் போய்ப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தது. அந்த மாதமே அரசாங்க ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது, மாமியார் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வியாழனும் அப்பா பார்த்தார். பெட்டியோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அம்மா துணிந்து, "சுமதிக்கு ஆம்பளப் புள்ளயாம்" என்றாள். அப்பா கையை உதறி எழுந்து, "அது வெறும் டிவி" என்றார். என் அம்மாவின் வாழ்க்கையில் அவர் சொன்ன எந்தச் சொல்லும் அப்படி விழுந்ததில்லை. சுமதி என்று இருந்த ஒரே கதவையும், அவரைப் பிடிக்கும் பொறியாக்கிவிட்டோம். அதன் பிறகு அந்த வீட்டில் அக்காவுக்கு இரண்டு பெயருமே இல்லாமல் போனது. அம்மா சாகும்வரை சந்தையில்தான் மகளைப் பார்த்தாள்.

பல வருஷம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். ஆளை அடையாளம் தெரிந்தும் தெரியாமலும் கிடந்த ஒரு காலைநேரம், கஞ்சி புகட்டிக்கொண்டிருந்த என்னிடம் தெளிவாகக் கேட்டார்: "சுமதி வந்தாளா?" கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். வெளியே போய் அக்காவுக்குப் போன் போட்டேன். "அப்பா கேட்டாருக்கா. வந்தாளான்னு கேட்டாரு." மறுமுனையில் தவளக்குப்பம் ரோட்டின் ஹாரன் சத்தத்துக்கு மேல் அக்கா கேட்டாள்: "யார கேட்டாரு? பேரச் சொல்லி கேட்டாரா?"

பொய் சொல்லியிருக்கலாம்தான். "சுமதின்னாரு" என்றேன். "அவர் சொன்னா உன்னத்தான்க்கா."

"அப்ப அவளயே வரச் சொல்லுடி" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. உள்ளே வந்தேன். அப்பாவின் கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பஸ் ஏறிட்டாப்பா" என்றேன். தலையை அசைத்தார். இரண்டொரு நாள் அப்படியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். அக்கா அடக்கத்துக்கு வந்தாள். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஆகவே, பாருங்கள் என்று நான் சொல்லும்போது, அது யாரையும் திருத்தும் என்று சொல்லவில்லை. அழவைக்கிற அளவுக்கு நல்ல கதை, அழுதவரை ஓர் அடிகூட நகர்த்தாமல் விட்டுவிடும் என்பதை நான் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து பார்த்தவள். இருந்தும் அந்த மனிதருக்குள் அவ்வளவு நீர் இருந்தது என்பதை வேறு எதுவும் எங்களுக்குக் காட்டியதில்லை. இப்போது எங்கள் வீட்டில் நாலு பேருக்கு நாலு செல்பேசி; என் மகன் என்ன பார்த்து எங்கே அழுகிறான் என்று எனக்குத் தெரியாது, அவனிடம் கேட்க முடியாத ஒன்றைக் கேட்பதற்கு எங்களுக்குள் பொதுவாக ஒரு மில்லுக்காரரும் கிடையாது.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுகிறாள். "அங்க மழையா?" என்பாள். "தூறுதுக்கா." "இங்க இல்ல." பிறகு சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்று பேசுவோம்.