பச்சை முட்டை

உடம்பை ஏற்றுவதற்காக மகன் பச்சை முட்டையை டம்ளரில் உடைத்து ஊற்றினான். அந்தக் கவுச்சி மூக்கில் ஏறியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டாம் உலக யுத்த காலம். பதின்மூன்று வயதில் நான் பெரியவளானதும், மம்சாபுரத்து வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றில் மறைப்புக் கட்டி என்னை உட்கார வைத்தார்கள். தினமும் விடிந்ததும் அம்மா பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு என் வாயில் ஊற்றுவாள். கொழகொழவென்று தொண்டையில் இறங்கும். துப்பினால் இன்னொன்று உடைப்பாள்.

மூன்றாம் நாள் தாய்மாமன் வந்தார். முப்பது வயது. வாயோரம் வழிந்த புகையிலைச் சாற்றைப் புறங்கையால் துடைத்தபடி கீற்றை விலக்கி, சந்தையில் கிடேரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"நல்லாக் குடு அக்கா, உடம்பு தேறட்டும். தையில கல்யாணத்த வச்சிருவோம்."

"ஏட்டி, மாமா சொல்றது கேக்குதா? முழுங்கு," என்றாள் அம்மா.

விழுங்கினேன்.

மகன் டம்ளரைக் காலி செய்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தான், அச்சு அசல் அவன் அப்பாவைப் போலவே.