களையெடுக்காத ஒரு மூலை

1998 ஜனவரி 24, காலை எட்டரை. கோவில்பட்டியில் புதூர் வண்டி ஏறினேன். எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். டிக்கெட் பதினோரு ரூபாய். மடியில், மாதிரிச் செடிகளை அமுக்கி உலர்த்தும் பலகைக் கட்டு, கையில் இரண்டு ரூபாய்க்குக் கடலைமிட்டாய். மார்கழியில் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தை பிறந்து பத்து நாள் கழித்துப் போகிற ஆள் நான். மதுரையில் கல்லூரித் தேர்வு வேலை விடவில்லை. அந்தச் சாக்கெல்லாம் செடிக்குத் தெரியுமா?

"இந்தப் பலகையெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்றார் கண்டக்டர். அவருக்கு ஜன்னலைக் காட்டினேன். சாலையோரப் புளி, உடைமரம், ஆவாரை, கரிசலில் கடைசியாக நிற்கும் உளுந்து, என் கையிலிருந்த கடலை எல்லாமே அவரைக் குடும்பம்தான் என்றேன்.

"உடைமரத்துக்கும் உளுந்துக்கும் சொந்தமா? இதுல யாரு யாருக்குப் பொண்ணு குடுத்தா?" என்றார். வண்டியே சிரித்தது.

என் ஆராய்ச்சியும் ஏறக்குறைய அந்தக் கேள்விதான். நரிப்பயறு என்றொரு காட்டுக்கொடி; மூன்றாகப் பிளந்த இலை, மஞ்சள் பூ. அது உளுந்துக்கு நெருங்கிய சொந்தமா, பாசிப்பயறுக்கா என்று பார்க்க வேண்டுமானால் விதை வேண்டும். முளைக்க வைத்து மூன்றையும் ஒன்றாக வளர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து வருட உழைப்பில் அந்த ஓர் அத்தியாயம் மட்டும் பாக்கி. இரண்டு வருடமாக வெறுங்கையோடு திரும்புகிறேன். காய் முற்றுவதற்குள் களையெடுத்து எறிந்துவிடுகிறார்கள். இந்த முறையும் விதை இல்லையென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நெறியாளர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் போன ஐப்பசியில் பேச்சியம்மாளிடம் கேட்டேன். என் வயதுக்காரி, புதூர்ப் பக்கம் மானாவாரியில் உளுந்து போடுகிறவள். "ஒரு மூலையை மட்டும் களையெடுக்காம விடுங்க" என்றேன். விவசாயம் பார்க்கிற சம்சாரியிடம் இப்படிக் கேட்கலாமா என்றுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

புதூரில் இறங்கி நாலு கிலோமீட்டர் நடை. உச்சிப் பொழுதுக்கு அவளுடைய உளுந்துக் காட்டுக்குப் போனேன். உளுந்து பிடுங்கி முடித்து நிலம் வெறிச்சென்று கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் பாய் அகலத்துக்கு நரிப்பயறு நின்றது. ஆடு மேயாதபடி சுற்றிலும் முள்ளடைப்பு வேறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாங்க டீச்சர்! வரவே மாட்டீங்கன்னு நெனச்சிட்டேன்," என்றாள் பேச்சியம்மாள். "களையைப் போய் அடைகாக்குதாளேன்னு ஊரே சிரிக்கு. எங்க வீட்டுக்காரவிய ஒரு வாரமா எங்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசல."

ஆசை யாரை விட்டது? அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே முள்ளை விலக்கி ஒரு கொடியைப் பிடித்து இழுத்தேன். பட்பட்டென்று காய்கள் முறுக்கிக்கொண்டு வெடித்தன. எள்ளளவு விதைகள் கரிசல் வெடிப்புக்குள் விழுந்து காணாமல் போயின.

"அய்யய்யோ, கையை எடுங்க! உச்சி வெயில்ல யாராவது பயறு பிடுங்குவாவளா? விடியக்காலம் பனி ஈரத்துல பிடுங்குனாத்தான் காய் வெடிக்காது. என்னத்தப் படிச்சீங்களோ!"

வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் காயை எத்தனையோ தடவை படம் வரைந்திருக்கிறேன், இது மட்டும் தெரியவில்லை. மாலை வண்டியை விட்டுவிட்டு அவள் வீட்டிலேயே தங்கினேன். சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். சாப்பிடும்போது பயறுகளின் சொந்தபந்தத்தைச் சொன்னேன். அவள் கணவர் முத்தையா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரி 25, காலை ஆறு மணி. பனியில் நனைந்த காய்கள் சாதுவாக இருந்தன. நானும் அவளும் மூச்சுவிடாமல் பறித்தோம். சற்று நேரத்தில் முத்தையா வந்தார். தோள்துண்டை உதறிக் கொடிகளுக்கு அடியில் விரித்தார்.

"கீழ விழுந்தா கரிசலுக்குள்ள தேட முடியுமா?" என்றார். ஒரு வாரம் கழித்து அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. பேச்சியம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிச் சிரித்தாள்.

வெயில் ஏறியதும் காய்களைத் துணியில் வைத்துக் கசக்கினோம். இரண்டு கைப்பிடி விதை தேறியது. எனக்குப் போதும், தாராளம். கிளம்பும்போது அவள் அதில் ஒரு கைப்பிடியை அள்ளித் தன் முந்தியில் முடிந்துகொண்டாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"புரட்டாசியில இதே மூலையில விதைக்கப் போறேன். நீங்க திரும்பக் கேட்டு வந்தா இல்லைன்னு சொல்லக் கூடாதுல்லா?"

முத்தையா தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, களையைப் போய் யாராவது விதைப்பாவளா?"

"இது களை இல்ல. உளுந்துக்கோ பாசிக்கோ சொந்தம். எதுக்குச் சொந்தம்னு டீச்சர் எழுதிப் போடுவாவ."

அந்தக் கடிதத்தையும் தாமதமாகப் போட்டால் எனக்கு அடுக்கவே அடுக்காது.