மூன்றாம் தரம் கேட்கும்வரை

கரம்பொன் மேரிறோஸ் எந்த வீட்டிலும் முதல் தரம் கேட்டவுடன் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவள் அல்ல. அது கர்வம் இல்லை, ஊர் வழக்கம். முதல் தரம் கேட்பது முறைக்கு, இரண்டாம் தரம் மரியாதைக்கு. மூன்றாம் தரமும் கேட்டால்தான் மனதாரக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். பிலிப்பு வீட்டார் பெண் கேட்டு மூன்றாம் முறை வாசல் மிதித்த பிறகுதான் அவளுடைய தகப்பன் தலையாட்டினார். அறுபத்தொரு வயதுவரை அந்த வழக்கம் அவளைக் கைவிட்டதில்லை.

புருசன் பிலிப்பு நோய் வருத்தத்தில் படுத்துப் போய்ச்சேர்ந்த பிறகு வீட்டில் அவளும் இரண்டு ஆடுகளும்தான். ஒரே மகள் யூலியானா நீர்கொழும்புக் கடற்கரையில், ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்கும் ஒரு ஹொஸ்டலுக்குப் பொறுப்பாக இருந்தாள். வருகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. ஐந்து நாளுக்கென்று பஸ்ஸில் இருக்கை பதிந்து ரிக்கற்றைப் போனுக்கே அனுப்பிவிட்டாள். ஐந்து நாளுக்கு மேரிறோஸ் பதினொரு சேலை அடுக்கினாள். எதற்கு இவ்வளவு என்று பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளை கேட்டதற்கு, மழைக்காலம் என்றாள். மழையாவது மண்ணாவது! தன்னோடு நின்றுவிடும்படி மகள் கேட்பாள், கேட்டால் நின்றுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். ஆடுகளையும் இலட்சுமிப்பிள்ளையின் வளவில் கட்டிவிட்டுத்தான் புறப்பட்டாள்.

ஹொஸ்டலில் ஓர் அறைக்கு நான்கு அடுக்குக் கட்டில்கள். முன்பின் தெரியாதவர்கள் மேலும் கீழுமாகப் படுத்தார்கள். பின்னேரமானால் எல்லாரும் ஒரே நீள மேசையில். ஒருத்தி தக்காளி வெட்டுவாள், ஒருவன் கிற்றார் தட்டுவான், காலையில் வந்தவனும் பத்து வருடப் பழக்கம்போலச் சிரிப்பான். முதல் நாள் ஹன்னா என்ற வெள்ளைக்காரப் பெண் சோற்றுத் தட்டை நீட்டினாள். மேரிறோஸ் வயிற்றைத் தடவிக் காட்டி, சாப்பிட்டுவிட்டேன் என்றாள். ஹன்னா தலையசைத்துவிட்டுத் தட்டோடு போய்விட்டாள். அவ்வளவுதான். வரும் வழியில் புத்தளத்தில் வாங்கித் தின்ற ஒரு பணிசோடு மேரிறோஸ் படுத்தாள்.

மறுநாள் யூலியானா கேள்விப்பட்டுச் சிரித்தாள்.

"அம்மா, இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டுதான் நினைப்பினம்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று மேரிறோஸ் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! அது தனக்கும்தான் என்பது அன்றுதான் உறைத்தது. அன்றிலிருந்து தட்டு வந்தால் இரண்டு கையாலும் வாங்கினாள். நான்காம் நாள், கொண்டுபோன பனங்கிழங்கு ஒடியல் மாவைக் கரைத்து, நண்டும் இறாலும் போட்டு, பதினாலு பேருக்குக் கூழ் காய்ச்சினாள். உறைப்பில் மூக்கு வடிய வடிய மறுபடியும் கோப்பையை நீட்டினார்கள். இதுகளுக்கு வெட்கமே இல்லையா என்று முதலில் வியப்பாக இருந்தது, பிறகு கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பிலிப்பு போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

கடைசி நாள் காலை, மேரிறோஸ் சமைத்துக்கொண்டு நிற்க, மகள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நீங்கள் இஞ்சையே என்னோடை நில்லுங்கோவன். குசினியை நீங்கள் பாருங்கோ."

இதற்காகத்தான் பதினொரு சேலை. ஆனால் பாவி மனுசியின் வாய், பழகிய தடத்திலேயே போனது.

"எனக்கென்ன பிள்ளை இஞ்சை? அங்கை வீடு கிடக்கு, ஆடு கிடக்கு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சோறு வேறு, இது வேறு. மகள் கரம்பொன்னில் பிறந்தவள்தானே, இன்னும் இரண்டு தரம் கேட்பாள் என்று நம்பினாள். யூலியானா, உங்கள் விருப்பம் அம்மா என்று சொல்லி, ஓட்டோ பிடிக்கப் போனாள். உடுத்தாத ஆறு சேலைகளும் மடிப்புக் குலையாமல் ஊர் திரும்பின.

இரண்டு மாதம் கழித்து மகள் போன் எடுத்தாள். குசினிக்குச் சிலாபத்திலிருந்து ஒரு மனுசியைப் பிடித்திருக்கிறாளாம். பதினாலு பேருக்கு ஒடியல் மா எவ்வளவு போடுவது என்று கேட்டாள். மேரிறோஸ் மாவிலிருந்து பழப்புளிவரை ஒன்றும் விடாமல் அளவு சொன்னாள். மனம் கேட்கவில்லை. கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அந்த மனுசியை எத்தினை தரம் கேட்டனீ, பிள்ளை?"

"ஒருக்காத்தான் அம்மா. உடனை ஓம் எண்டிட்டா."